குழந்தை வருவதற்குள் நாய்க்கும் பூனைக்கும் செய்த வேலைகள்

வீட்டில் ஒரு நாய், ஒரு பூனை. நாயின் பெயர் மணி. நடுத்தர வயது, நடுத்தர உயரம், கதவு எங்கே திறந்தாலும் முதலில் மூக்கை நுழைக்கும் ரகம். பூனையின் பெயர் சாம்பல், கருத்தடை செய்த ஆண். மனைவி கருவுற்றது உறுதியானதும் எங்களுக்குக் கிடைத்த முதல் அறிவுரை, "பூனையை யாருக்காவது கொடுத்துடுங்க" என்பதுதான். இரண்டாவது, "நாயை வெளியில கட்டிடுங்க". இரண்டையும் செய்யவில்லை.

அதற்குப் பதிலாக நான் வைத்துக்கொண்ட கணக்கு ஒன்றுதான். குழந்தையால் வீட்டில் மாறப்போகிற எதுவும் குழந்தை வருகிற அன்று மாறக் கூடாது, அதற்கு வெகுமுன்பே மாறிவிட வேண்டும். நுழையக்கூடாத அறை, கலைந்துபோன நடை நேரம், புதுச் சத்தங்கள், குறைந்த கொஞ்சல் எல்லாம் அதற்குள் பழகிப்போயிருந்தால், அன்று புதிதாக வருவது குழந்தை மட்டும்தான். அந்த ஒன்றைச் சமாளித்துக்கொள்ளும் திறமை இரண்டுக்கும் உண்டு என்று நம்பினேன். கீழே உள்ளதெல்லாம் அந்தக் கணக்கை வைத்துச் செய்த வேலைகள்.

முதலில் கால்நடை மருத்துவர். காரணத்தைச் சொல்லியே கூட்டிப்போனேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால் அவர் பார்க்கிற விதமே மாறும். வெறிநோய்த் தடுப்பூசி காலாவதியாகவில்லையா என்று பார்த்தார். குடற்புழு மருந்து கொடுத்தார், உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் மருந்து போட்டார். நாய், பூனையின் குடலில் இருக்கும் உருளைப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியே போய், மண்ணில் சில வாரங்களில் தொற்றும் நிலைக்கு வருகின்றன. தவழும் குழந்தை கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கும் என்பதால் இந்த மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. பூனைக் கீறலால் வரும் காய்ச்சலுக்குக் காரணமான பாக்டீரியாவும் தெள்ளுப்பூச்சி வழியாகத்தான் பூனைக்குப் பூனை பரவுகிறது. ஆகவே பூச்சிக்கு மருந்து, நகத்துக்கு வெட்டு, இரண்டும் சேர்த்து.

இன்னொன்றும் கேட்டு வாங்கிய சோதனை: எங்கேயாவது வலி இருக்கிறதா? இடுப்பு, காது, பல் மூன்றையும் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். சாதுவான நாய் குழந்தையிடம் சீறும்போது பின்னணியில் வெளியே தெரியாத வலி இருப்பது உண்டு. மணிக்கு ஒரு கடைவாய்ப் பல் கெட்டிருந்தது. எடுத்த பிறகு முகத்தைத் தொட்டால் விலகும் பழக்கம் தானாகவே போய்விட்டது. இதை நாங்கள் அதுவரை "அதோட குணம்" என்றே நினைத்திருந்தோம்.

பூனை விஷயத்தில் எல்லோரும் பயமுறுத்துவது டாக்ஸோபிளாஸ்மா, பூனை மலம் வழியாகப் பரவி, கர்ப்பிணிக்குத் தொற்றினால் கருவைப் பாதிக்கக்கூடிய கிருமி. பயம் பொய்யில்லை, ஆனால் அது பூனையை வெளியேற்றுகிற அளவுக்கான காரணமும் இல்லை. முதன்முறை தொற்றுக்குள்ளான பூனை பொதுவாக 1 முதல் 3 வாரங்கள்தான் அந்தக் கிருமியின் முட்டைகளை மலத்தில் விடும். அவையும் வெளியே வந்து 1 முதல் 5 நாள் கழிந்த பிறகே தொற்றும் நிலையை அடையும். ஆகவே பூனை மலம் கழிக்கும் மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்துவிட்டால் பெரும்பகுதி ஆபத்து அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்த வேலையைக் கர்ப்பிணி செய்யக் கூடாது, அவ்வளவுதான். அன்றிலிருந்து தட்டு என் பொறுப்பு. சாம்பல் வெளியே வேட்டைக்குப் போவதை நிறுத்தினோம், பச்சை இறைச்சி கொடுப்பதில்லை. உண்மையில் மனிதர்களுக்கு இந்தத் தொற்று சரியாக வேகாத இறைச்சியிலிருந்தும், கழுவாத காய்கறியிலிருந்தும், தோட்ட மண்ணிலிருந்தும் வர நிறைய வாய்ப்புண்டு. பூனையைத் துரத்திவிட்டு அரைவேக்காடாகச் சாப்பிட்டால் என்ன பிரயோஜனம்? மனைவியின் மகப்பேறு மருத்துவரிடமும் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லிவிட்டோம். தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனையை அவர் தீர்மானிப்பார்.

மணல் தட்டு இருந்த இடம்தான் குழந்தையின் அறையாகப் போகிறது. பூனையின் தட்டை ஒரேயடியாக வேறு மூலைக்கு மாற்றினால், அது பழைய மூலையையே தொடர்ந்து பயன்படுத்தும், தட்டு இல்லாமலே. அதனால் தினம் ஒரு சாண் என்கிற மாதிரி தட்டை நகர்த்தினேன். கதவைத் தாண்டி, நடைபாதை வழியாக, கடைசியில் துணி துவைக்கும் இடத்துக்கு. ஊர்கோலம் மாதிரி அது நகர்ந்துகொண்டே போனதைப் பார்த்து வீட்டில் சிரித்தார்கள். சாம்பலுக்கு ஒரு தரம்கூட இடம் தவறவில்லை.

இனி கதவு. அதிக நேரம் எடுத்ததும், செய்ததிலேயே அதிகம் பயன்பட்டதும் இதுதான்.

குழந்தை அறைக்கு ஏற்கெனவே மரக்கதவு உண்டு. அதைச் சாத்தினால் மணி வெளியே நின்று பிறாண்டும், முனகும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத நாய்க்கு ஆர்வம் குறைவதில்லை, கூடிக்கொண்டே போகும். கடையில் விற்கிற இடுப்பளவு தடுப்பு நாயை நிறுத்தும், பூனை அதை ஒரு படிக்கட்டாகத்தான் எடுத்துக்கொள்ளும். காற்று, சத்தம், வாசனை, பார்வை நான்கும் போய்வர வேண்டும், உடம்பு மட்டும் போகக் கூடாது. அதற்கு முழு உயர வலைக்கதவு ஒன்றுதான் வழி.

மரச்சட்டத்தை நானே அறுத்துச் சேர்த்தேன். நடுவில் ஒரு குறுக்குச் சட்டம், அதற்கு மேலே வலை, கீழே முட்டி உயரம் வரை ப்ளைவுட். நாய் காலால் பிறாண்டுகிற உயரம் அதுதான் என்பதால் அங்கே வலை போட்டால் சீக்கிரம் தொங்கிவிடும். ஆனால் படுத்திருக்கும் நாய்க்கு உள்ளே தெரிய வேண்டுமே, அதனால் ப்ளைவுட்டின் நடுவில் ஒரு நீள்சதுரம் வெட்டி, அதற்கும் கெட்டியான வலை அடித்தேன். வலை என்றால் கொசுவலை நைலான் இல்லை. பூனை நகத்துக்கு அது ஒரு வாரம் தாங்காது. துருப்பிடிக்காத எஃகு வலை, கண் மிகச் சிறியதாக. கண் பெரிதாக இருந்தால் பூனை அதையே ஏணியாக்கி மேலே ஏறும். சாம்பல் முதல் மாலையே முயன்று பார்த்தது, நகம் மாட்ட இடமில்லாமல் வழுக்கியது, ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய்விட்டது. அப்புறம் முயலவில்லை.

வலைக்கதவு தொய்யாமல் இருக்க மூலைக்கு மூலை ஒரு சாய்வுச் சட்டம் வேண்டும். அது எந்தத் திசையில் என்பது முக்கியம். கீல் பக்கத்தின் கீழ்மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்தின் மேல்மூலைக்குப் போக வேண்டும். அப்போதுதான் கதவின் எடை அந்தச் சட்டத்தை அழுத்தி, கீழ்க் கீலுக்கு இறங்கும். திருப்பி வைத்தால் சட்டம் இழுபட்டு, இணைப்பு மெல்லக் கழன்று, கொஞ்ச காலத்தில் கதவு தரையில் உரசும். கீல் மூன்று போட்டேன். இரண்டு போதும் என்று சொல்வார்கள், நாய் சாய்ந்து படுக்கிற கதவுக்குப் போதாது.

தாழ்ப்பாளை மார்பு உயரத்தில், ஒரு கையால் திறக்கிற மாதிரி வைத்தேன். இன்னொரு கையில் எப்போதும் குழந்தை இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளவும். தானாக மூடிக்கொள்ள ஸ்பிரிங், அது அறையாமல் இருக்க நிலைச்சட்டத்தில் ரப்பர் பட்டை. தூங்கும் குழந்தையின் அறைக்கதவு "டப்" என்று சாத்தினால் இத்தனை வேலையும் வீண். பெயிண்ட்டைப் பிரசவத் தேதிக்கு வெகுமுன்பே அடித்து வாசனை போகவிட்டேன்.

கதவு மாட்டியதோடு வேலை முடியவில்லை. கதவுக்கு வெளியே, ரப்பர் அடி வைத்த ஒரு விரிப்பைப் போட்டு, அதில் மணியைப் படுக்கப் பழக்கினேன். விரிப்பில் கால் வைத்தால் ஒரு ட்ரீட், உட்கார்ந்தால் ஒன்று, படுத்தால் இரண்டு. படுத்திருக்கும்போது நான் ஒரு அடி தள்ளிப் போய்த் திரும்பி வந்தால் இன்னொன்று. பிறகு நான் கதவைத் திறந்து உள்ளே போய் வந்தேன், பிறகு உள்ளே உட்கார்ந்து துணி மடித்தேன். "பாய்" என்று ஒரு சொல்தான் கட்டளை; விரிப்பில் போய்ப் படு என்று அர்த்தம். குழந்தையோடு இருக்கும்போது "அங்கே போகாதே, இங்கே வராதே, தாவாதே" என்று பத்து தடைகளைச் சொல்வதைவிட, செய்யவேண்டிய ஒன்றைச் சொல்வது நாய்க்கும் எளிது, எரிச்சலில் இருக்கும் நமக்கும் எளிது. இந்தப் பழக்கம் பிறகு எத்தனை இடத்தில் கைகொடுத்தது என்று சொல்லி முடியாது.

சத்தப் பயிற்சியைப் பலர் ஒரு நாள் முழு ஒலியில் குழந்தை அழுகையைப் போட்டுவிட்டு, "ஒண்ணும் பண்ணல, பழகிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். உறைந்துபோய் நிற்கிற நாயும் ஒன்றும் செய்யாததாகத்தான் தெரியும். நான் எங்களுக்கே சரியாகக் காதில் விழாத ஒலியில் தொடங்கினேன். ஸ்பீக்கரைக் கூடத்தில் வைக்கவில்லை, தொட்டில் நிற்கப்போகிற மூலையில் வைத்தேன், சத்தம் வரவேண்டிய இடத்திலிருந்தே வரட்டும் என்று. வரிசையும் முக்கியம். முதலில் அழுகை, உடனே ட்ரீட். அழுகை நின்றால் ட்ரீட்டும் நிற்கும். வரிசையை மாற்றினால் ட்ரீட் பையைத் தொடுவதே அழுகைக்கான முன்னறிவிப்பாகிவிடும், நாய் பையைப் பார்த்தே பதற்றப்படும். அழுகை கேட்டதும் மணி ஸ்பீக்கரைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தால், அன்றைக்கு ஒலியை ஒரு படி கூட்டலாம் என்று வைத்துக்கொண்டேன். காது பின்னால் போனாலோ, நாக்கால் மூக்கை நக்கினாலோ ஒரு படி குறைப்பு.

பசி அழுகைக்கு மணி சீக்கிரம் பழகியது. பிறந்த குழந்தையின் கீச்சென்ற வீறிடலுக்குத்தான் எழுந்து நின்று தலையைச் சாய்த்துக்கொண்டே இருந்தது. இதில் ஒரு வரம்பையும் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்பீக்கர்கள் மனிதக் காதுக்காகச் செய்யப்பட்டவை, 20,000 ஹெர்ட்ஸ் வரை போதும் என்று வடிவமைக்கப்படுபவை. நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரையும் பூனைக்கு 64,000 வரையும் கேட்கும். ஆகவே பதிவு என்பது ஒத்திகைதான், உண்மையான அழுகை அவற்றுக்குக் கொஞ்சம் வேறாகத்தான் கேட்கும். அழுகை தவிர மற்ற சத்தங்களும் உண்டு: தாய்ப்பால் பம்ப்பின் இழுவை, தொட்டிலில் தொங்கும் பொம்மையின் இசை, கிலுகிலுப்பை. இவற்றைப் பதிவில் கேட்க வைக்க வேண்டியதில்லை, பொருளையே வாங்கி முன்கூட்டி ஓடவிட்டால் போதும். கிலுகிலுப்பையைத் தன் விளையாட்டுச் சாமான் என்று மணி முடிவுகட்டியது. அதை எடுத்து வைத்து "விடு" என்கிற கட்டளையைப் புதுப்பித்தோம்.

பொம்மையைக் குழந்தைபோல் தூக்கிக்கொண்டு பழக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நாய் ஏமாறாது. ஒரு முறை மோந்தால் பிளாஸ்டிக் என்று தெரிந்துவிடும். ஆனால் பொம்மை நமக்குப் பயன்படும். இரண்டு கையும் நிறைந்திருக்கும்போது குனியாமல் நாயை விலகச் சொல்வது, தரையில் உட்கார்ந்து எழுவது, பின்னால் நாய் படுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடியெடுத்து வைப்பது எல்லாம் பயிற்சி இல்லாமல் வராது. காலித் தள்ளுவண்டியோடு நடைபோனதும் அப்படித்தான். லீஷை, அதாவது நாயைப் பிடித்துக்கொள்ளும் வாரை, வண்டியில் கட்டவே கூடாது. நாய் ஒரு பூனையைப் பார்த்துப் பாய்ந்தால் வண்டி கவிழும். லீஷ் கையில், வண்டி மற்ற கையில், நாய் பக்கவாட்டில் தளர்ந்த லீஷோடு. பக்கத்து வீட்டுக்காரர் காலி வண்டியைப் பார்த்து என்னைப் பார்த்த பார்வை ஒரு பக்கம் இருக்கட்டும்.

கொஞ்சலைக் குறைப்பதுதான் மனதுக்குக் கஷ்டம். "பாவம், குழந்தை வந்தா கவனிக்க முடியாது, இப்பவே நிறைய கொஞ்சிக்கலாம்" என்று தோன்றும். அது நேர்மாறான வேலை. உச்சத்தில் வைத்துவிட்டு ஒரே நாளில் பாதாளத்தில் தள்ளுகிறோம். நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம், நேரத்தையும் கலைத்தோம். நடை சில நாள் விடியற்காலை, சில நாள் தாமதமாக. மணி மனைவியையே சுற்றிவரும் என்பதால் சாப்பாடு, நடை, குளியல் மூன்றும் என் கைக்கு வந்தன. அவருக்கும் மணிக்கும் தினமும் ஒரு சின்ன விளையாட்டை மட்டும் விட்டுவைத்தோம். குழந்தை வந்த பிறகும் தொடர முடிகிற அளவில்.

சாம்பலுக்கு இந்தப் பயிற்சி எதுவும் பெரிதாகத் தேவைப்படவில்லை. பூனைக்கு வேண்டியது உயரமும் தப்பிக்க வழியும். கூடத்தில் மூன்று பலகைகளை ஏறுமுகமாகச் சுவரில் அடித்து, கடைசிப் பலகையிலிருந்து அலமாரி உச்சிக்குப் போக வழி செய்தேன். தரையில் என்ன களேபரம் நடந்தாலும் மேலே அதன் ராஜ்ஜியம். தொட்டிலை முன்பே பொருத்தி வைத்தோம். மெத்தை மேல் இருபக்கப் பசை நாடா ஒட்டிய அட்டையைக் குழந்தை வரும்வரை கிடத்தினேன்; பாதத்தில் பசை ஒட்டுவது பூனைக்குப் பிடிக்காது. தொட்டிலுக்கு மேலே போடும் வலையை நான் தவிர்த்தேன். பூனை அதன்மேல் படுத்தால் வலை குழந்தையின் முகத்துக்கு இறங்கும், கொஞ்சம் வளர்ந்த குழந்தை அதில் சிக்கிக்கொள்ளவும் கூடும். பூனை குழந்தையின் மூச்சைக் குடிக்கும் என்பதெல்லாம் கட்டுக்கதை. ஆனால் பூனை கதகதப்பைத் தேடி ஒட்டிப் படுக்கும், பிறந்த குழந்தையால் எளிதில் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. கதை பொய், ஆபத்து நிஜம். அதற்குத்தான் வலைக்கதவு.

குழந்தை பிறந்த மறுநாள், சுற்றியிருந்த துணி ஒன்றை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மணியின் மூக்கில் திணிக்கவில்லை. தரையில் வைத்துவிட்டு, மோந்து பார்த்துவிட்டுத் திரும்பியதும் பாராட்டினேன். பெரிய அதிசயம் எதுவும் நடக்காது, வரப்போகிற வாசனை முழுக்கப் புதிதாக இல்லாமல் இருக்கும், அவ்வளவே.

வீட்டுக்கு வந்த அன்று தம்பி மணியை நீண்ட நடைக்குக் கூட்டிப்போய்க் களைக்க வைத்திருந்தான். மனைவி முதலில் வெறுங்கையோடு உள்ளே வந்தார். பல நாள் பார்க்காத ஆளைக் கண்ட ஆர்ப்பாட்டம் எல்லாம் அவரோடு முடியட்டும் என்று. அது அடங்கிய பிறகு என் அம்மா குழந்தையோடு வந்து தள்ளி உட்கார்ந்தார். மணி லீஷில், விரிப்பில். பார்க்கும், ட்ரீட் வரும், பார்க்கும், ட்ரீட் வரும். கொஞ்ச நேரத்தில் உடம்பு தளர்ந்து இடுப்பைச் சாய்த்துப் படுத்ததும், பாதத்தின் பக்கமாக மட்டும் மோக்க விட்டோம், முகப் பக்கம் விடவில்லை. அதோடு கூப்பிட்டுக்கொண்டேன். நன்றாகப் போகும்போதே நிறுத்திவிட வேண்டும். பிறந்த குழந்தைக்குத் திடீரென்று கைகால்களை உதறும் அனிச்சை ஒன்று உண்டு, அது சில மாதங்களில் மறையும். அந்த உதறலும் கீச்சொலியும் சேர்ந்தால் சில நாய்களுக்கு வேட்டைப் புத்தி தூண்டப்படும். மணி அப்படி முறைத்துக் குத்திட்டு நிற்கவில்லை. நின்றிருந்தால் அன்றே பயிற்சியாளரைக் கூப்பிட்டிருப்போம். அந்தப் பார்வையைப் பழக்கிச் சரிசெய்கிற விஷயமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சாம்பல் அலமாரி உச்சியில் ஏறிக்கொண்டது. இறக்க முயலவில்லை. பசித்தபோது தானாக இறங்கியது.

அடுத்த வாரங்களில் உறுதியாக வைத்துக்கொண்ட ஒன்று: மணிக்கு நல்லது நடப்பது குழந்தை அருகில் இருக்கும்போது. குழந்தை தூங்கிய பிறகே கொஞ்சினால், குழந்தை விழித்தால் தன் நேரம் போயிற்று என்றுதான் நாய் படிக்கும். இன்னொன்று, உறுமலைத் திட்டாதது. உறுமல் என்பது "எனக்குப் போதும்" என்கிற அறிவிப்பு. அதைத் திட்டி நிறுத்தினால் அறிவிப்பு மட்டும் நின்றுபோகும், அசௌகரியம் அப்படியே இருக்கும். அடுத்த முறை முன்னறிவிப்பு இல்லாமல் பல் வரும். உறுமலுக்கு முன்பே கொட்டாவி, முகத்தைத் திருப்புதல், கண்ணின் வெள்ளை பிறைபோல் தெரிதல், அசையாமல் இறுகுதல் என்று வரிசையாகச் சொல்லிவிடும். எதைக் கண்டாலும் குழந்தையைத் தூக்குவோம், நாய்க்கு வழிவிடுவோம். பெரியவர் ஒருவர் விழித்திருந்து பார்க்காமல் மூவரும் ஒரே அறையில் இருப்பதில்லை. செல்போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதில் சேராது.

நாயால் குழந்தைக்கு என்ன ஆகும் என்றே யோசித்துக்கொண்டிருந்தால், குழந்தைச் சாமான்களால் நாய்க்கு என்ன ஆகும் என்பதை விட்டுவிடுவோம். பயன்படுத்திய டயபர் நாய்க்கு மணக்கும். அதிலுள்ள உறிஞ்சும் துகள் வயிற்றில் ஊதிக் குடலை அடைக்கும். மிதித்துத் திறக்கும் மூடிக் குப்பைத்தொட்டி, அதுவும் வலைக்கதவுக்கு உள்ளே. டயபர் புண்ணுக்குப் போடும் கிரீமில் துத்தநாக ஆக்சைடு உண்டு, நாய் ட்யூபைக் கடித்துத் தின்றால் வாந்தியில் ஆரம்பித்து மோசமாகலாம். குழந்தைக்கான வைட்டமின் டி சொட்டு மருந்து மிகச் செறிவானது, நாய் குப்பியைக் கடித்தால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். பாராசிட்டமால் சொட்டு பூனைக்கு விஷம். அதைச் சிதைக்கும் நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை, சிறிய அளவே உயிரை எடுக்கும். சூப்பான், குட்டி சாக்ஸ் எல்லாம் நாய் ஒரே விழுங்கில் விழுங்கக்கூடியவை. இவை எல்லாவற்றுக்கும் உயரத்தில் ஒரு பெட்டி அடித்து மூடி போட்டேன்.

சாம்பல் நடுவில் சில நாள் தட்டுக்கு அடிக்கடி போய் வந்தது. ஆண் பூனைக்கு மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பை அழற்சி வரும். முக்கி முக்கி ஒரு சொட்டும் வராவிட்டால் குழாய் அடைத்திருக்கிறது, அது மறுநாள் வரை தாங்காத அவசரம். எங்கள் அதிர்ஷ்டம், அடைப்பு வரை போகவில்லை. மருத்துவர் தண்ணீர் அதிகம் குடிக்க வைக்கச் சொன்னார். கூடுதலாக ஒரு மணல் தட்டும், இன்னொரு மூலையில் தண்ணீர்க் கிண்ணமும் வைத்தோம். சரியானது.

இப்போது பாப்பா கவிழ்ந்து படுக்கப் பழகிவிட்டாள், அடுத்தது தவழ்வாள். மணியைப் பொறுத்தவரை அது இன்னொரு புது ஆள். இத்தனை நாள் மடியில் இருந்த ஒன்று தன் கண் மட்டத்தில், தன் கிண்ணத்தை நோக்கி வரப்போகிறது. சாப்பாட்டுக் கிண்ணத்தை இப்போதே வேறு அறைக்கு மாற்றிவிட்டேன், சாப்பிடும்போது கதவு சாத்தியிருக்கும். சமையலறை வாசலுக்கு ஒரு குட்டைத் தடுப்பு செய்துகொண்டிருக்கிறேன். செங்குத்துக் கம்பிகள்தான்; குறுக்குக் கம்பி வைத்தால் நிற்கப் பழகியதும் ஏறுவாள். இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் விடவில்லை, தலை மாட்டக் கூடாது. பூனைக்கு அடியில் ஒரு ஓட்டை விடலாமே என்று தம்பி கேட்டான். சாம்பல் நுழைகிற ஓட்டையில் தவழும் குழந்தையும் தலையை விடும். அதனால் தடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், அவளுக்கு எட்டாத உயரத்தில் இன்னொரு பலகை அடிக்கப் போகிறேன். சாம்பல் அதன் வழியாகத் தாண்டிக்கொள்ளட்டும்.